மலையுச்சிக் கோயிலும் எல்லைக்கோடும்: பிரியா விகார் பற்றிய ஒரு நோக்கு

கம்போடியாவின் வட எல்லையில், டாங்ரெக் மலைத்தொடரின் தென் விளிம்பில், சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறையொன்றின் உச்சியிலே பிரியா விகார் என்னும் பழைய சிவன் கோயில் நிற்கின்றது. கம்போடியச் சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 525 மீற்றர் உயரத்தில் அமைந்த இக்கோயில், கெமர் மக்களின் கட்டடக்கலை ஈட்டிய உயர்ந்த சாதனைகளுள் ஒன்றெனக் கலை வரலாற்றாசிரியரால் மதிக்கப்படுவது. ஆயினும், கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் உலகம் இதனைப் பெரிதும் அறிந்தது கலைச்சிறப்பினால் அன்று; இதனைச் சுற்றி எழுந்த எல்லைத் தகராறினாலேயே ஆகும். 1962இல் சர்வதேச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டமையும், 2011இலும் 2025இலும் கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்குமிடையே மூண்ட மோதல்களும் இக்கோயிலின் பெயரைச் செய்தித்தாள்களிற் பரப்பின.

“இக்கோயில் யாருடையது?” என்ற வினாவே இவற்றின் ஊடாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவுக்குச் சட்டம் விடையளித்துவிட்டது. ஆனால், அவ்வினா எக்காலத்தில், எவர் நலன் கருதி எழுந்தது என்பது வரலாற்று மாணவர் ஆராய வேண்டிய விடயமாகும். மக்களை இணைத்த மலையொன்று அவர்களைப் பிரிக்கும் எல்லையாக மாறியது எவ்வாறு என்பதனையே இக்கட்டுரையில் நாம் நோக்க முற்படுகின்றோம்.

மலையும் கோயிலும்

முதலில் நிலத்தின் இயல்பை மனங்கொள்ளுதல் வேண்டும். டாங்ரெக் மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது. அதன் தென்முகம் குத்துச் சரிவாகக் கம்போடியச் சமவெளிக்கு இறங்குகின்றது. வடமுகமோ மெல்லச் சாய்ந்து, இன்று தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியாக உள்ள கோராட் மேட்டுநிலத்தோடு கலக்கின்றது. எனவே வடக்கிலிருந்து வருவோர் கோயிலைப் படிப்படியாக, அதிக வருத்தமின்றி அணுகலாம். தெற்கிலிருந்து வருவோரோ பாறைச் சரிவில் அமைந்த பழைய படிவழியால் ஏறுதல் வேண்டும். பிற்கால அரசியற் சிக்கலின் இயற்கைப் பின்னணி இதுவே.

கோயில் வட தென் திசையில் ஏறத்தாழ 800 மீற்றர் நீளமான அச்சொன்றின்மீது அமைந்துள்ளது. படிக்கட்டுகளும் கல் பரப்பிய நடைபாதைகளும் ஐந்து கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. கெமர்க் கட்டடக்கலையிற் கோபுரம் என ஆய்வாளர் குறிப்பிடுவது, நாம் அறிந்த உயர்ந்த கோபுரத்தையன்று. சிலுவை வடிவான தரையமைப்புடைய வாயில் மண்டபத்தையே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அடிவாரப் படிக்கட்டைக் கடந்ததும் இருபுறமும் உடல் நீட்டிக் கிடக்கும் நாகங்கள் வருவோரை எதிர்கொள்கின்றன. அதற்கு மேல் முதலில் எதிர்ப்படும் வாயில் மண்டபம், கல் தூண்களின்மீது மரச்சட்டமும் ஓடும் கொண்ட கூரையைத் தாங்கியிருந்தது. மரமும் ஓடும் அழிந்தொழியத் தூண்களும் முக்கோண முகப்புகளும் மட்டும் வானத்தை நோக்கி நிற்கின்றன. அடுத்த வாயிலின் தென்புற முகப்பிலே பாற்கடல் கடைந்த காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கெமர்ச் சிற்பிகளின் கைத்திறனுக்கு இது சிறந்த சான்றாகும். நடைபாதை மேலேறுந்தோறும் கட்டடங்கள் நெருங்கி வருகின்றன. இறுதியில், பாறை விளிம்பை அண்டியதாய், சுற்று மண்டபங்களால் சூழப்பட்ட கருவறை அமைந்துள்ளது. அதன் மேற்கட்டு இடிந்து கற்குவியலாகக் கிடக்கின்றது.

இக்கட்டடங்களுக்கு வேண்டிய மணற்கல்லிற் பெரும்பகுதி அம்மலையிலேயே வெட்டியெடுக்கப்பட்டது. மலையே கோயிலாக்கப்பட்டது எனக் கூறினும் பொருந்தும். கோயிலை அடுத்தும் மலையின் வடபுறத்திலும் குளங்களும் நீர்த்தேக்கமும் அமைக்கப்பட்டன. மழைக்காலத்து நீரை வறட்சிக் காலத்துக்குச் சேமிக்காது மலைமீது பெருந்தொகையினர் வாழ்தல் அரிது. எனவே கோயிலும் குளமும் ஒரே திட்டத்தின் இரு கூறுகளாகவே கருதப்படல் வேண்டும்.

பெரும்பாலான கெமர்க் கோயில்கள் கிழக்கு நோக்கியவை. பிரியா விகார் வடக்கு நோக்கியது. இவ்வேறுபாட்டிற்கு நிலத்தின் சாய்வு ஒரு காரணம் என்பது வெளிப்படை. ஆயினும், அது மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் போதாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சாசனங்கள் உணர்த்துவன

இவ்விடத்தின் சமய வரலாறு கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஒரு தவப்பள்ளியோடு தொடங்குகின்றது. அங்கோர் நகரை நிறுவிய முதலாம் யசோவர்மன் 889 முதல் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆட்சி செய்தவன். அவன் காலத்திலேயே இம்மலை அரச ஆதரவைப் பெறலாயிற்று. இறைவன் சிகரேசுவரர் எனப்பட்டான். மலைமுடிக்கு இறைவன் என்பது அதன் பொருள். இன்று நாம் காணும் கட்டடங்களிற் பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், முதலாம் சூரியவர்மன் காலத்தில் எழுந்தவை. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் காலத்தில், இக்கோயில் மேலும் பல கொடைகளைப் பெற்றது.

முதலாம் சூரியவர்மன் எளிதில் அரசு பெற்றவன் அல்லன். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயவீரவர்மன் என்னும் போட்டி அரசனோடு நெடுங்காலம் போரிட்டே அங்கோரைக் கைப்பற்றினான். 1011இல் தன் அதிகாரிகள் அனைவரும் தனக்கு விசுவாசமாக இருப்பதாகச் சூளுரைக்கச் செய்து, அதனைப் பெயர்களோடு கல்லிற் பொறிப்பித்தான். இத்தகைய ஓர் அரசனுக்கு வாள் வலிமையோடு தெய்வ அங்கீகாரமும் தேவைப்பட்டது. 1018 அளவில் தன் பெயரால் சூரியவர்மேசுவரம் எனப்பட்ட லிங்கங்களை அவன் நாட்டின் பல இடங்களில் நாட்டினான். வடக்கே பிரியா விகாரும், தெற்கே சூரியாத்திரி எனப்பட்ட, இன்று பினோம் சிசோர் என வழங்கும் குன்றும் அவ்விடங்களுட் சில. இன்றைய லாவோசிலுள்ள வட்பூ மலையில் நெடுங்காலம் போற்றப்பட்ட பத்திரேசுவரர், அரசனின் தவ வலிமையால் சிகரேசுவரத்திலே வெளிப்பட்டதாகவும் சாசனம் கூறுகின்றது. பழைய மலையின் புனிதம் புதிய அரசனின் மலைக்கு இவ்வாறு கொண்டுவரப்பட்டது. சமயம் அரசியலின் நியாயப்பாடாக அமைந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே காலச் சாசனமொன்று சுகர்மன் என்பவனைப் பற்றிக் குறிப்பிடுகின்றது. இவன் இக்கோயிலின் ஆவணக் காப்பாளன். கம்புவின் வழிவந்த அரசரின் வரலாற்றை ஏடுகளில் எழுதிக் காத்து வந்தவன். அப்பணிக்காக அரசன் அவனுக்கு விபேதம் என்னும் ஊரை வழங்கினான். அவன் காத்த ஏடுகளில் ஒன்றேனும் இன்றில்லை. அவனுக்கு நிலம் வழங்கிய கல் மட்டும் எஞ்சியுள்ளது. அரசரின் புகழைக் கூறிய ஏடு அழிய, நில உடைமையைக் கூறிய கல் நிலைத்தது.

இரண்டாம் சூரியவர்மனின் குருவாகிய திவாகர பண்டிதர் மூன்று அரசருக்கு முடிசூட்டு விழா நடத்தியவர். அவர் இக்கோயிலுக்கு வந்து வழங்கிய கொடைகளுள் பொன்னாலான ஆடல்வல்லான் திருவுருவமும் ஒன்று எனச் சாசனம் கூறும்.

கெமர்ச் சாசனங்களின் மொழிப் பயன்பாடு இங்கு அவதானிக்கத்தக்கது. தெய்வங்களையும் அரசரையும் போற்றும் பகுதிகள் பெரும்பாலும் சமக்கிருதச் செய்யுளில் அமைய, நிலத்தின் எல்லைகள், நெல்லின் அளவு, கால்நடைகள், கோயிற் பணிக்கு அளிக்கப்பட்ட மனிதர் ஆகியவற்றின் கணக்கு கெமர் மொழி உரைநடையில் அமைகின்றது. ஒரே கல்லின் ஒரு பகுதியில் கயிலைநாதனின் பெருமை. மறு பகுதியில் ஆண், பெண், குழந்தை என எண்ணிப் பெயரிடப்பட்ட பணியாளர் பட்டியல். பழைய பட்டியல்கள் சிலவற்றில் நாய் முதலிய இழிபொருட் சொற்களே மனிதரின் பெயர்களாக உள்ளன. இவர்களுடைய உழைப்பின்மீதே கோயிற் பொருளாதாரம் நின்றது. இதன் பருமனை உணர்வதற்குப் பிற்காலத்துச் சான்றொன்றை எடுத்துக் கொள்ளலாம். ஏழாம் செயவர்மன் அங்கோரிற் கட்டிய தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுச் சாசனம், அக்கோயிலின் தேவைகளுக்காக 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் கடமைப்பட்டிருந்ததாகக் கூறுகின்றது. பிரியா விகார் அத்துணைப் பெரிய நிறுவனம் அன்று. எனினும், மலையுச்சியில் நாளும் விளக்கெரியவும் அடியவர் உண்ணவும் வேண்டிய நெல்லும் நெய்யும், மலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த உழவரிடமிருந்தே மேலேறி வந்திருத்தல் வேண்டும்.

வடக்கு நோக்கிய வாயில்

அவ்வூர்கள் எங்கிருந்தன? இவ்வினாவே எமது பொருளின் மையமாகும். இன்று தாய்லாந்தைச் சேர்ந்த சீசகேட், சுரின், புரிராம் ஆகிய மாகாணங்கள் அமைந்த மேட்டுநிலம், அங்கோர் அரசின் ஒதுக்குப்புறமன்று. அவ்வரசின் உயிர்நிலைகளுள் ஒன்றாகவே விளங்கியது. அணைந்த எரிமலையொன்றின் மீது எழுந்த பனோம் ருங் சிவன் கோயிலும், பிமாய் நகரத்துப் பௌத்தக் கோயிலும் அங்கேயே உள்ளன. அங்கோரிலிருந்து பிமாய்வரை சென்ற பெருவழி டாங்ரெக் மலையைக் கணவாய் ஒன்றினாற் கடந்து சென்றது. 1080 அளவில் ஆட்சிக்கு வந்த ஆறாம் செயவர்மனின் மரபினர் இம்மேட்டுநிலத்தைச் சேர்ந்தவர் என்றே அறிஞர் பலர் கருதுவர். அங்கோர் வாட்டைக் கட்டிய அரசனும் அம்மரபினனே.

ஆகவே, வடக்கு நோக்கித் திறந்த வாயில் பிறநாட்டை நோக்கித் திறந்த வாயிலன்று. அது மேட்டுநிலத்து மக்களை நோக்கியது. கிழக்கிலமைந்த படிவழி சமவெளி மக்களுக்குரியது. இரு நிலத்து மக்களும் ஏறி வந்து கூடிய இடம் இக்கோயில். மலை இங்கே மதிலாக அமையவில்லை. கதவின் நிலையாகவே அமைந்தது எனலாம்.

அங்கோர் அரசு 15ஆம் நூற்றாண்டில் தளர்ந்தபின்பும் இந்நிலை முற்றாக மாறவில்லை. தேரவாத பௌத்தம் பரவியதும், சிகரேசுவரரின் கோயில் பௌத்தரின் வணக்கத்தலமாயிற்று. பிரியா விகார் என்ற பெயரே புனித விகாரம் எனப் பொருள்படுவது. தாய் மொழியில் வழங்கும் காவோ பிரா விகான் என்ற பெயரும் புனித விகாரமுள்ள மலை என்பதையே குறிக்கும். மேட்டுநிலத்தின் பல ஊர்களில் இன்றும் கெமர் மொழி பேசுவோர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். யானை பிடித்தலிலும் இரும்பு உருக்குதலிலும் பெயர்பெற்ற குய் மக்கள் மலையின் இருபுறத்தும் உள்ளனர். இரு நாடுகளிலும் பெரும்பாலோர் தேரவாத பௌத்தரே. எனவே, இன்றைய தகராறு சமய வேறுபாட்டினாலோ மக்களிடையே நிலவிய பழம் பகையினாலோ எழுந்தது எனக் கூறுவதற்குச் சான்று இல்லை.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்புதல் இயல்பு. முதலாம் சூரியவர்மன் முதலாம் இராசேந்திரனின் காலத்தவன். காம்போச அரசன் சோழ மன்னனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு நாடியதாகக் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. காம்போச அரசன் அளித்த கல்லொன்று சிதம்பரத்திற் பதிக்கப்பட்டதை முதலாம் குலோத்துங்கன் காலத்து, 1114ஆம் ஆண்டுச் சாசனம் குறிப்பிடுகின்றது. இவை உண்மையான தொடர்புகள். கடல் வாணிபமும் அரச நட்பும் சைவமும் இரு கரைகளையும் இணைத்தன. ஆயினும், இவற்றைக் கொண்டு கெமர்க் கோயில்களைத் தமிழர் கட்டினர் என முடிவு செய்தல் ஆய்வாகாது. சிலுவை வடிவ வாயில், மரக்கூரை, நாக நடைபாதை, மலைச்சரிவையே கட்டடத் திட்டமாக மாற்றிய திறன் ஆகியன அம்மண்ணின் மக்களுக்குரியன. கெமர் உழைப்பாளியின் சாதனையை எமது பெருமைக் கணக்கிற் சேர்ப்பது, பின்வரும் பகுதிகளில் நாம் காணப்போகும் அதே தவற்றின் மற்றொரு வடிவமேயாகும்.

கோடு வரையப்பட்ட வரலாறு

மலையை எல்லையாக்கியவர் கெமர் அரசருமல்லர், சீயத்து உழவருமல்லர். 1863இல் கம்போடியாவைத் தன் பாதுகாப்புக்குட்பட்ட நாடாக்கிய பிரான்சு, படிப்படியாகச் சீயத்தை நெருக்கி வந்தது. 1904 பெப்ரவரி 13ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கை, டாங்ரெக் பகுதியில் எல்லை நீர்பிரிமேட்டை ஒட்டிச் செல்லும் என விதித்தது. அஃதாவது, வடக்கே ஓடும் மழைநீர் வீழும் நிலம் சீயத்துக்கு, தெற்கே ஓடும் நீர் வீழும் நிலம் பிரான்சின் ஆட்சிக்கு உரியது. 1907 மார்ச்சு 23ஆம் நாள் உடன்படிக்கையால் பட்டம்பாங், சீயம் ரீப், சீசோபோன் ஆகிய பகுதிகளும், அவற்றோடு அங்கோரும், சீயத்திடமிருந்து பிரான்சின் ஆட்சிப்புலத்துக்கு மாறின. இவ்வுடன்படிக்கைகளின்போது அம்மலையில் வாழ்ந்தோரின் கருத்து கேட்கப்படவில்லை.

எல்லையை வரையறுக்க இரு தரப்பினரும் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. தேசப்படம் வரையும் பணியைப் பிரெஞ்சு அதிகாரிகளிடமே சீயம் ஒப்படைத்தது. 1907இல் வரையப்பட்டு 1908இற் பாரிசில் அச்சான தேசப்படம், கோயிலைக் கம்போடியப் புறத்திற் காட்டியது. படத்திலுள்ள கோடு உண்மையான நீர்பிரிமேட்டிலிருந்து விலகிச் சென்றது என்பது பின்னரே, 1934–35இல் சீயம் நடத்திய நில அளவையின்போது தெரியவந்தது. ஆனால், 1908இல் சீயத்து உள்நாட்டு அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரொங் அப்படங்களைப் பெற்று நன்றி கூறியதோடு, மாகாண ஆளுநர்களுக்கு அளிப்பதற்காக மேலும் 15 படிகளை வேண்டினார். 1930இல் அவரே கோயிலைக் காண வந்தபோது, பிரெஞ்சுக் கொடியின்கீழ் பிரெஞ்சு அதிகாரி அவரை வரவேற்றார். கெமர்க் கலை ஆய்வாளர் அன்றி பார்மாந்தியேயும் உடனிருந்தார். இந்நிகழ்ச்சி முப்பது ஆண்டுகளின் பின் நீதிமன்றத்திற் பெரும் சான்றாயிற்று.

பிரெஞ்சு ஆய்வாளர் சாசனங்களைப் படித்து வெளியிட்டமையும் கட்டடங்களை ஆராய்ந்தமையும் அறிவுலகுக்குப் பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அழிந்துபோன பெருமையை மீட்டளிப்பவர் தாமே என்ற கருத்து ஆட்சியுரிமைக்கு அரணாகவும் பயன்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. மறுபுறத்தில், 1932இன் பின் பாங்கொக்கில் எழுந்த இராணுவத் தேசியவாதம் “இழந்த நிலங்கள்” என்ற முழக்கத்தை எழுப்பியது. 1939இல் நாட்டின் பெயர் சீயம் என்பதிலிருந்து தாய்லாந்து என மாற்றப்பட்டது. 1940இல் இக்கோயில் தாய்லாந்தின் தொல்பொருட் சின்னங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பிரான்சு ஐரோப்பாவிலே தோல்வியுற்ற வேளையில் தொடுக்கப்பட்ட போரின் பயனாக, 1941 மே மாதத்துத் தோக்கியோ உடன்படிக்கையால் தாய்லாந்து நிலம் பெற்றது. உலகப் போர் முடிந்ததும் 1946இல் அதனைத் திருப்பியளித்தது. 1953 நவம்பரிற் கம்போடியா விடுதலை பெற்றது. மறு ஆண்டில் தாய்லாந்துப் படையினர் கோயிலில் நிலைகொண்டனர்.

நீதிமன்றத்தில் மலை

பேச்சுவார்த்தை பயனளிக்காமையால் 1959 ஒக்டோபர் 6ஆம் நாள் கம்போடியா எயிக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. கம்போடியாவின் சார்பில் ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் இராசாங்கச் செயலர் டீன் அச்சிசன் வாதாடினார். தாய்லாந்தின் சார்பில் முன்னாட் பிரதமர் சேனி பிரமோச் தோன்றினார். 1962 யூன் 15ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. கோயில் கம்போடியாவின் ஆட்சிப்புலத்தில் உள்ளது எனவும், தாய்லாந்து தன் படையினரை அகற்றுதல் வேண்டும் எனவும் ஒன்பது நீதிபதிகள் முடிவு செய்தனர், மூவர் மாறுபட்டனர். 1954இன் பின் கோயிலிலிருந்து அகற்றப்பட்ட பொருள்களைத் திருப்பியளித்தல் வேண்டும் என்ற முடிவு ஏழுக்கு ஐந்து என்ற வாக்குகளால் நிறைவேறியது.

தீர்ப்பின் அடிப்படை கருத்தூன்றி நோக்கத்தக்கது. கோயிலைக் கட்டியவர் யார், வழிபட்டவர் யார் என்பன தீர்ப்பை நிருணயிக்கவில்லை. நீர்பிரிமேடு உண்மையில் எங்குள்ளது என்பதைத் தீர்மானிப்பதும் அவசியமாகக் கொள்ளப்படவில்லை. தேசப்படத்தைப் பெற்றுக்கொண்ட சீயம் நெடுங்காலம் அதனை மறுக்காது இருந்தமையும், 1930ஆம் ஆண்டு நிகழ்ச்சியும், 1925, 1937ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் எல்லை மறுபடியும் உறுதிப்படுத்தப்பட்டமையும் சேர்ந்து, மௌனம் சம்மதமாயிற்று என்பதே நீதிமன்றத்தின் முடிபு. எல்லைகள் நிலைபெறுதல் வேண்டும் என்ற நோக்கிற் பார்க்கும்போது இம்முடிபு நியாயமானதே. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட சிறு நாடொன்று, தன்னினும் வலிய அயல்நாட்டுக்கு எதிராகப் படையின்றிப் பெற்ற வெற்றியும் அதுவே. ஆனால், அவ்வெற்றிக்குக் கருவியாய் அமைந்தது குடியேற்ற ஆட்சி வரைந்த கோடு என்பது வரலாற்றின் முரண்பாடு.

தாய்லாந்துப் படையினர் தம் கொடியை இறக்காது, கொடிமரத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றனர். 1963 சனவரியில் இளவரசர் நொரொடொம் சீயனூக் பெருங்கூட்டத்தோடு பாறைச் சரிவில் ஏறிச்சென்று கோயிலைப் பொறுப்பேற்றார். கோயிலைச் சூழ்ந்த நிலத்தின் பரப்பு எவ்வளவு என்பது மட்டும் தெளிவாக்கப்படாதிருந்தது. ஏறத்தாழ 4.6 சதுர கிலோமீற்றர் கொண்ட அந்நிலமே பிற்கால மோதலின் களமாயிற்று.

கோட்டின்மீது வீழ்ந்த மக்கள்

அடுத்து வந்த ஆண்டுகளில் மலையுச்சி போர்க்களத்தின் காவலரணாயிற்று. 1975 ஏப்ரலில் பினோம் பென் வீழ்ந்த பின்பும் சில கிழமைகள் பழைய அரசின் படையினர் இங்கே எதிர்த்து நின்றனர். போல் போட் ஆட்சியின் கொடுமையிலிருந்தும் அதனைத் தொடர்ந்த போரிலிருந்தும் தப்பித் தாய்லாந்தில் அடைக்கலம் புகுந்தோரில் 40,000க்கும் மேற்பட்டோரை, 1979 யூனில் தாய்லாந்து இராணுவம் பேருந்துகளில் ஏற்றி வந்து, பிரியா விகார் மலைச்சரிவின் வழியே கீழே துரத்தியது. சரிவின் அடியில் மிதிவெடிகள் நிறைந்திருந்தன. ஆயிரக்கணக்கானோர் வெடியாலும் நீரின்மையாலும் நோயாலும் மாண்டனர். ஒரு காலத்தில் அடியவர் ஏறிய மலையில் அகதிகள் உயிரோடு தள்ளப்பட்டனர். இக்கோயிலைப் பற்றிய எந்த வரலாறும் இந்நிகழ்ச்சியை அடிக்குறிப்பாக ஒதுக்குதல் முறையன்று.

1998 டிசெம்பரில், எஞ்சியிருந்த கெமர் ரூச் படையினர் சரணடைவது பற்றிய பேச்சுவார்த்தை இக்கோயிலிலேயே நிகழ்ந்தது. அதன்பின் சில ஆண்டுகள் மலை மீண்டும் தன் பழைய இயல்பைப் பெற்றது. உல்லாசப் பிரயாணிகளும் அடியவரும் வடபுற வாயிலால் தாய்லாந்திலிருந்து எளிதாக வந்தனர்; அடிவாரத்தில் கம்போடியக் குடும்பங்கள் சிறு சந்தையொன்றை நடத்தின. மறைந்துபோன பழைய உறவு, வணிகத்தின் எளிய வடிவில் திரும்பியது எனலாம்.

2008 யூலையில் யுனெஸ்கோ இக்கோயிலை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட இச்செயல், இரு நாட்டு அரசியலிலும் எரியும் பொருளாயிற்று. கம்போடியாவிற் பொதுத்தேர்தல் நடைபெறவிருந்த காலம் அது. பாங்கொக்கில் அரசை வீழ்த்த முயன்ற எதிரணியினர், கோயிலை விற்றுவிட்டனர் என முழங்கினர். கம்போடியாவோடு கூட்டறிக்கையில் ஒப்பமிட்ட வெளிநாட்டமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் துப்பாக்கிச் சண்டை தொடங்கியது. 2009 ஏப்ரலில் அடிவாரச் சந்தை எரிந்தழிந்தது. 2011 பெப்ரவரியில் பீரங்கிகள் முழங்கின. எல்லைக்கு வடக்கே தாய்லாந்து ஊர்களின் உழவரும், தெற்கே கம்போடிய உழவரும் ஒருங்கே வீடுகளைவிட்டு ஓடினர். 2013 நவம்பர் 11ஆம் நாள் சர்வதேச நீதிமன்றம், கோயில் அமைந்த மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கே உரியது என ஒருமனதாக விளக்கமளித்தது.

ஆயினும் அமைதி நிலைக்கவில்லை. 2025 மே மாதத்தில் எல்லையின் வேறோரிடத்தில் தொடங்கிய மோதல், யூலை 24ஆம் நாள் ஐந்து நாட் போராக வெடித்தது. மலேசியாவிற் செய்யப்பட்ட போர்நிறுத்தம் நீடிக்கவில்லை. டிசெம்பரில் மீண்டும் போர் மூண்டு, மாத இறுதியில் மற்றுமொரு போர்நிறுத்தத்தோடு ஓய்ந்தது. இரு புறத்தும் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கோயிலுக்குச் சேதம் விளைந்ததாகக் கம்போடியா முறையிட்டது.

இம்மோதல்களில் வீழ்ந்தோரும் இடம்பெயர்ந்தோரும் யாவர்? பெரும்பாலும் நெல்லும் மரவள்ளியும் பயிரிடும் உழவரும் அவர்தம் பிள்ளைகளான சிப்பாய்களுமே. தலைநகரங்களில் எழும் முழக்கங்களின் விலையைக் கொடுப்போர், எல்லையின் இருபுறத்தும் ஒரே மொழியைப் பேசவல்ல ஏழை மக்களாக இருக்கின்றனர்.

முடிவாக

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. பிரியா விகார் கெமர் மக்களின் படைப்பு என்பதிலும், இன்றைய சட்டத்தின்படி கம்போடியாவுக்கு உரியது என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், சட்டம் உரிமையை நிறுவலாம். வாயிலைத் திறக்க அது போதாது. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வடக்கு நோக்கித் திறந்திருந்த கோயிலின் வழி அடைபட்டுக் கிடப்பதற்குக் காரணம் கல்லிலோ சமயத்திலோ இல்லை. மக்கள் வாழும் நிலத்தை ஆள்வோரின் உடைமையாக மட்டும் காணும் நோக்கிலேயே உள்ளது. அங்கோர் அரசன் அதனைத் தன் முடிக்குச் சான்றாக்கினான். பிரெஞ்சு ஆட்சி தன் தேசப்படத்துக்குச் சான்றாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தேசியவாதிகள் தம் முழக்கத்துக்குச் சான்றாக்கினர். சாசனத்தின் கெமர் உரைநடைப் பகுதியில் வெறும் பெயராகவும் எண்ணிக்கையாகவும் நிற்கும் மக்கள், இன்று அகதிகளின் எண்ணிக்கையாகச் செய்தித்தாளில் நிற்கின்றனர்.

தொல்பொருட் சின்னங்கள் வரலாற்றுச் சான்றுகளாகவன்றி உரிமைப் பத்திரங்களாக வாசிக்கப்படும்போது நேர்வது யாது என்பதை எம் நாட்டு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு கோயிலை எவர் கட்டுவித்தார் என்று கேட்பதோடு, எவர் கல் சுமந்தனர், எவர் நெல் அளித்தனர், எவர் அதனருகே இன்று வாழ்கின்றனர் என்றும் கேட்பது ஆய்வாளரின் கடமையாகும். அவ்வாறு கேட்கப்படும்போது, பிரியா விகார் இரு அரசுகளுக்கிடையே கிடக்கும் வழக்குப் பொருளாகத் தோன்றாது; மேட்டுநிலத்தவரும் சமவெளியினரும் தம் உழைப்பால் உயர்த்திய ஒரு பொதுப் படைப்பாகவே தோன்றும். அவ்விரு சாராரும் அச்சமின்றி அதன் படிகளில் மீண்டும் ஏறும் நாளிலேயே இக்கோயில் உண்மையிற் பாதுகாக்கப்பட்டதாகும்.